குசினிப் பக்கம் போனவர்

நாரந்தனை
2024 மாசி 3

மதிப்புக்குரிய அரியநாயகம் ஐயாவுக்கு,

வணக்கம். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டு வளவில் இரண்டு கமராக்கள் கட்ட அனுமதி தந்ததற்கு முதலில் நன்றி. காது மந்தம், போனில் கதைக்க ஏலாது, எதையும் எழுதி அனுப்பும் என்று நீங்கள் சொல்லியிருந்தபடியால் இந்த மின்னஞ்சலைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஆய்வு உதவியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். தீவுகளில் இன்று என்னென்ன காட்டுப் பாலூட்டிகள் மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு படக் கைந்நூல் செய்வதுதான் எங்கள் வேலை. சனம் விட்டுப்போன வீடுகளில் இவை குடியேறிவிட்டன. அதனால்தான் உங்கள் வீட்டைக் கேட்டேன்.

கேட்டது வீண்போகவில்லை. உங்கள் மேல்முகட்டில் ஒரு சோடி மரநாய் இருக்கிறது. விறாந்தையில் அவை இட்ட எச்சத்தில் ஈச்சங்கொட்டையும் இலந்தைக் கொட்டையும் அப்படியே கிடந்தன. கீரி நித்தம் வருகிறது. பின்வேலிப் பக்கம் முயல் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் காட்டுப்பூனை! வீட்டுப் பூனை ஒன்று காடேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கால் நல்ல நெடுப்பம், வால் கட்டை, வால் நுனியில் கறுப்பு வளையங்கள், காதின் உச்சியில் சின்னதாய்க் கறுப்பு மயிர்க்குஞ்சம். உடம்பில் புள்ளியில்லை, காய்ந்த புல்லின் நிறம். வீட்டுப் பூனைக்கு இவ்வளவும் சேர்ந்து வராது. அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கீழே உள்ள இணைப்பை அழுத்தினால் வரும். கிணற்றடியில் கட்டிய கமரா மட்டும் இரண்டு தரம் மதிலைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. நாய் தட்டியிருக்க வேண்டும். இனி இறுக்கிக் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
நிலாந்தி

*

ஸ்காபரோ
கனடா, 2024 மாசி 5

அன்பின் நிலாந்தி பிள்ளைக்கு,

உமது கடிதம் கண்டேன். மரநாய் எங்களுக்குப் புதுச் சாமான் இல்லை. அம்மா இருந்த காலத்தில் தகரத்தில் தட்டித் தட்டித்தான் நாங்கள் நித்திரை கொண்டனாங்கள். காட்டுப்பூனை என்பதைத்தான் நான் அறியவில்லை. நீர் எழுதினபடி காதையும் வாலையும் பார்த்தேன். நீர் சொன்னது சரி. என் மனுசிக்கும் காட்டினேன். அவவுக்கு எல்லாம் பூனைதான்.

இப்போது நான் கேட்கப் போவதற்குப் பதில் தாரும். மரநாயும் கீரியுமாய் வந்த படங்களுக்கு நடுவில் ஒரு படம் கிடக்கிறது. விடியற்காலை வெளிச்சம். ஒரு ஆள், முதுகு மட்டும் தெரிகிறது, தலையில் சீலைத் தலைப்பு, கையில் வாளி. பெரிய வீட்டுக்குப் பின்னால் தனியாய் நிற்கிற என் சமையல் குசினிப் பக்கம் போகிறார். ஆர் இது? நீர் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

எங்கள் ஊரில் பூட்டின வீடுகளுக்கு என்ன நடந்தது என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. கதவு போனது, யன்னல் போனது, கிணற்றுக் கப்பியைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். எங்களைப் பெற்ற ஐயா தெற்கே காலி நகரில் கடை வைத்து உழைத்துக் கட்டின வீடு அது. இன்னும் நிற்கிறது என்றால் நான் கண் வைத்திருக்கிறபடியால்தான். இந்த ஆள் விழுந்த படம் வேறு இருந்தால் எல்லாவற்றையும் அனுப்பும். இல்லாவிட்டால் உமது கமராக்களை அங்கே விட்டுவைப்பதில் எனக்குப் பிரயோசனம் இல்லை.

அரியநாயகம்

*

நாரந்தனை
2024 மாசி 8

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாயிற்று. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கமராவில் மனிதர் விழுந்தால் அந்தப் படத்தை அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். ஒருவருக்கும் காட்டக்கூடாது. நாங்கள் தேடுவது விலங்கைத்தான். சனம் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. காட்டுப்பூனை கிடைத்த சந்தோஷத்தில் நான் மிச்சப் படங்களைச் சரிபார்க்காமல் அப்படியே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பிழை என்னுடையது. தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

இதோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. அந்தப் பூனை சினைப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். வயிறு தாழ்ந்திருக்கிறது, விறகுக் கொட்டிலை விட்டுத் தூரம் போவதில்லை. தீவுப் பகுதியில் காட்டுப்பூனை குட்டி போட்டதை ஒருவரும் படத்தோடு பதியவில்லை. இந்த நேரம் கமராவைக் கழற்றச் சொன்னால் எனக்கு வேறு வழியில்லை.

நீங்கள் கேட்டபடி, அதற்குப் பிறகு கமராவில் விழுந்த இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். இரண்டிலும் முகம் இல்லை. யாரோ வயதான அம்மா. விறகு பொறுக்கவோ தண்ணீர் அள்ளவோ வந்திருக்கலாம். உங்கள் கிணற்றில்தான் அந்தச் சுற்றாடலில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் இருக்கிறது. இது உங்களோடு மட்டும் இருக்கட்டும்.

அனுப்ப எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நிலாந்தி

*

ஸ்காபரோ
2024 மாசி 15

அன்பின் நிலாந்தி பிள்ளைக்கு,

படங்கள் கிடைத்தன. நீர் நேர்மையான பிள்ளை. உமது கமராக்கள் இருக்கட்டும், பூனையும் இருக்கட்டும்.

அது விறகு பொறுக்க வந்த ஆள் இல்லை. இரண்டாவது படத்தை வடிவாய்ப் பாரும். கொடியில் துணி காய்கிறது. அந்த மனுசி என் குசினியில் குடியிருக்கிறா. பின்கதவுப் பூட்டை முன்னமே கள்ளர் உடைத்துவிட்டார்கள், அதால் போய்வருகிறா. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒரு குடும்பம், பிறகு வீட்டை விட்டு எழுப்ப ஏலாது. பக்கத்து வளவுக்காரனுக்கு அப்படித்தான் நடந்தது.

ஊரில் கட்டட வேலை செய்கிற அனோஜன் என்ற பெடியனுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு போய் ஆளை வெளியே விட்டு, குசினிக் கதவைப் பலகை வைத்து அடித்து, பின்வேலிப் பற்றையையும் வெட்டிக் கொளுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆள் ஆரென்று அறிய மூன்று படத்தையும் எங்கள் ஊர்ச்சனத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கனடா, லண்டன், சுவிஸ் எல்லா இடமும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். "என் வீட்டுக்குள் களவாய்ப் புகுந்திருக்கும் இந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் அறியத்தரவும்" என்று எழுதினேன். ஊரிலிருந்தே நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. எங்கள் சனம் இப்படித்தான், தேவையில்லாத நேரம் கதைக்கும்.

நீர் சொன்ன உமது விதி படிப்புக்குச் சரி. வீடு வைத்திருக்கிறவனுக்கு அது சரிவராது.

அரியநாயகம்

*

நாரந்தனை
2024 மாசி 20

ஐயாவுக்கு,

அந்தப் படங்களை உடனே குழுவிலிருந்து எடுங்கள். இந்தக் கடிதத்தை வாசித்து முடிப்பதற்கு முன்னமே எடுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் பிந்தித்தான் பார்த்தேன். நயினாதீவில் வௌவால் கணக்கெடுப்பில் இருந்தேன். நேற்றுத்தான் புங்குடுதீவுக்குப் போனேன். குசினிக் கதவில் குறுக்கே பலகை. பின்வேலி முழுக்கச் சாம்பல். அனோஜன் நல்ல பெடியன், ஒளிக்காமல் சொன்னான். "அந்த அம்மா ஒரு கதையும் கதைக்கேல்லை அக்கா. நான் பயந்து கொண்டுதான் போனனான், சத்தம் போடுவா எண்டு. பாயைச் சுருட்டினா, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைச்சா, முகத்தை மூடிக்கொண்டு போட்டா. எனக்கு அண்டைக்கு முழுக்க ஒரு மாதிரிக் கிடந்தது."

தேடிப் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில், படகுக்கு நிற்கிறவர்கள் குந்துகிற மர வாங்கில் இருந்தா. என்னைக் கண்டதும், "நீர்தானே பூனைக்குக் கமரா கட்டின பிள்ளை?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன். "உமக்கு வேறை வீடு கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு அங்கால் திரும்பிவிட்டா. நான் போகாமல் நின்றேன். பிறகுதான் தான் ஆர் என்று சொன்னா.

அவ கள்ளி இல்லை, ஐயா. இதற்கு மேல் எழுதக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறா. "அவருக்குச் சொல்லாதையும் பிள்ளை. நான்தான் எண்டு தெரிஞ்சால் அவருக்கு வெக்கமாய்ப் போடும்" என்று சொன்னா.

காட்டுப்பூனை இல்லை. கொட்டிலுக்குப் பின்னால் பற்றைக்குள் இரண்டு குட்டி கரிந்து கிடந்தன. அதை எழுதவும் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தப் பூனைக்காகத்தான் நான் படங்களை அனுப்பினேன்.

நிலாந்தி

*

ஸ்காபரோ
2024 மாசி 24

அன்பின் பிள்ளைக்கு,

நீர் வாக்கைக் காப்பாற்றிவிட்டீர். பெயர் எழுதவில்லை. ஆனால் "அவருக்கு வெக்கமாய்ப் போடும்" என்று எனக்காக வெட்கப்பட உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கடிதத்தை மனுசியிடம் காட்டினேன். அவ வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா.

"உங்களுக்கு உண்மையாவே தெரியாதோ?"

"என்ன தெரியாதோ?"

"உது மணி எண்டு. படத்தைப் போட்ட அண்டைக்கே சுவிஸிலை இருந்து மூண்டு பேர் எனக்குப் போன் எடுத்தவை. தங்கச்சியை எழுப்பிறதுக்கு மனுசன் ஏன் இப்பிடிப் படம் போட்டு அவமானப்படுத்திறார் எண்டு கேட்டவை. தெரிஞ்சுதான் செய்யிறியள் எண்டு நினைச்சன். பயத்திலை வாயைத் திறக்கேல்லை."

பிள்ளை, அது இராசமணி. என் சொந்தத் தங்கச்சி. எனக்குப் பின்னால் பிறந்த ஒரே ஒருத்தி.

நான் தெரிந்து செய்தேன் என்றுதான் ஊர் முழுக்க நினைக்கிறது. குழுவில் ஒருவரும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். நானோ எங்கள் சனத்தின் குணத்தைப் பற்றி உமக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தெரிந்து செய்தவன் என்று நினைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது அதைவிடக் கேவலம். மூன்று படத்தையும் நான் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தனான். அவள் சீலையைப் பார்த்தேன், வாளியைப் பார்த்தேன், என் வீட்டுச் சாமான் ஏதும் கையில் இருக்கிறதோ என்று பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

கடைசியாய் நான் அவளை நேரில் கண்டது ஏழு வருசத்துக்கு முன்னம், கோயில் திருவிழாவுக்கு வந்தபோது. நல்ல தடித்த ஆள், தலைக்கு மை பூசியிருந்தாள், என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு சிரித்தாள். படத்தில் இருப்பது கூனிப்போன ஒரு கிழவி. வவுனியாவில் மகன் சுஜிதனோடு இருக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்குச் சீதனமாய் வந்த காணியை விற்றுத்தான் அவன் அங்கே வீடு கட்டினான். என் மனுசி போன் எடுக்கும்போதெல்லாம் "அம்மா கோயிலுக்குப் போட்டா", "அம்மா குளிக்கிறா" என்பான். எனக்குக் காது கேட்காது என்பதைச் சாட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளிடம் போன் இல்லை என்று சுஜிதன் இப்போது மனுசியிடம் சொல்கிறான். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்கும் தெரியாதாம். உம்மைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை. போய்ப் பாரும் பிள்ளை. நான் கேட்டதாகச் சொல்லும். இல்லை, சொல்ல வேண்டாம். எது சரியோ அதைச் செய்யும். எனக்கு இப்போது எது சரி என்று தெரியவில்லை.

அரியநாயகம்

*

நாரந்தனை
2024 பங்குனி 3

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கண்டுபிடித்தேன். நயினாதீவில், கோயில் அன்னதான மடத்தில் இருக்கிறா. காலையில் மரக்கறி வெட்டுகிறா, மத்தியானம் பந்தியில் பரிமாறுகிறா. பின்னால் ஒரு அறையில் வேறு இரண்டு அம்மாக்களோடு படுக்கிறா. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் போனபோது பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு, "நீர் சொன்னனீரோ?" என்று கேட்டா. நான் பெயர் எழுதவில்லை, ஆனால் நான் எழுதியதை வைத்துத்தான் பிடித்தார் என்றேன். "அப்ப சொன்னனீர்தான்" என்றா.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னா. அவ சொன்னபடியே எழுதுகிறேன்.

"மருமகளின்ரை தாய் தேப்பன் வந்து இருக்கினம். எனக்கு நடையிலை பாய் போட்டு விட்டவை. அதுகூடப் பறவாயில்லை. நான் வாய்க்காரி, பிள்ளை. ஒருநாள் கோவத்திலை அவளின்ரை சோத்துப் பானையைத் தூக்கி முத்தத்திலை எறிஞ்சு போட்டன். பெடியன் ஒண்டும் பேசேல்லை, பேசாமல் நிண்டான். அவன் பேசாமல் நிண்டதைப் பாத்தாப் பிறகு எனக்கு அங்கை இருக்க ஏலாமல் போட்டுது. அண்ணையிட்டைக் கேட்டால் வீட்டைத் திறந்து விடுவார், எனக்குத் தெரியும். ஆனால் ஏன் எண்டு கேப்பார். பெத்த பிள்ளை வைச்சிருக்கேல்லை எண்டு நான் என்னெண்டு என்ரை வாயாலை சொல்லுறது? சும்மா கிடக்கிற குசினிதானே. பெரிய வீட்டுக்குள்ளை நான் கால் வைக்கேல்லை எண்டு சொல்லும்."

கமராவைப் பற்றியும் கேட்டேன். கிணற்றடிக் கமராவைத் திருப்பியது நாய் இல்லை. "நான் குளிக்கிற இடம் பிள்ளை" என்றா. விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் என்றுதான் நான் அங்கே கட்டினேன். ஒரு பெண்ணும் அங்கே தண்ணீருக்கு வரலாம் என்பதை, நானும் ஒரு பெண்ணாய் இருந்துகொண்டு, யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கமராவின் படங்கள் ஒவ்வொன்றையும் பார்த்தேன். அவ குளிக்கப் போக முன்னமே திருப்பியிருக்கிறா, ஒரு மதில்தான் தெரிகிறது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டாம் தரம் திருப்பியிருந்ததைக் கண்டபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு எச்சத்தைக் கண்டால் இன்ன மிருகம், இன்னது தின்றது, எத்தனை நாளாயிற்று என்று சொல்லுவேன். கழுவிக் கவிழ்த்த சட்டியும், கொடியில் சீலையும், கூட்டின முற்றமும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. அந்த வளவுக்குள் நான் எத்தனை தரம் போய்வந்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் பூனை நல்ல பூனை. ஆருக்கும் கரைச்சல் இல்லை" என்றா. குட்டிகளைப் பற்றி அவவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நிலாந்தி

*

ஸ்காபரோ
2024 பங்குனி 6

அன்பின் பிள்ளைக்கு,

உமது கடிதத்தை மகள் கோபிகாவுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். அவள் அழுதுவிட்டு, "அப்பா, குழுவிலை படத்தை எடுத்தாக் காணாது. போட்ட இடத்திலையே சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். இப்படி எழுதினேன்: "நான் கள்ளி என்று படம் போட்ட பெண் என் தங்கை இராசமணி. எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் என் வீட்டில் இருக்க ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. அவளை வெளியே விட்டது நான். அரியநாயகம்." மனுசி கடைசி வரியை எடுக்கச் சொன்னா. எடுக்கவில்லை. நூற்றைம்பது பேருக்கு மேல் இருக்கிற குழு. நாலைந்து பேர் கும்பிடுகிற படம் போட்டார்கள். ஒருவர், வயதில் மூத்தவர், "இனியாவது போய்ப் பார்" என்று மட்டும் எழுதினார்.

போகிறேன். விமான ரிக்கற் எடுத்துவிட்டேன். சுஜிதனோடு நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவனைப் பேச எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவன் நடையில் பாய் போட்டான், நான் பலகை அடித்தேன்.

அவள் என்னைப் பார்ப்பாளோ என்று கேட்டுச் சொல்லும்.

அரியநாயகம்

*

நாரந்தனை
2024 பங்குனி 11

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கேட்டேன். "கோயில் எல்லாருக்கும் பொது. வாறவையை நான் வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமே?" என்றா. நான் இதைச் சம்மதம் என்று எடுப்பதா, மறுப்பு என்று எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். "போய் உம்மடை வேலையைப் பாரும்" என்று துரத்திவிட்டா.

என் வேலை இப்போது அவ்வளவு இல்லை. நடந்தது எல்லாவற்றையும் பேராசிரியரிடம் நானே சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "விலங்கு பார்க்கிற கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சனத்தின் வளவுக்குள் போகக்கூடாது, நிலாந்தி" என்றார். புங்குடுதீவில் கட்டியிருந்த கமராக்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். அவற்றைக் கழற்ற என்னைத்தான் அனுப்பினார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இனிக் கமரா கட்டுவதில்லை, அயலில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகுதான் எதுவும் என்று முடிவாகியிருக்கிறது. கைந்நூலில் காட்டுப்பூனைக்கு வேறு ஊரில் எடுத்த படம் வரும். உங்கள் வீட்டுப் படத்தை நான் கொடுக்கவில்லை.

உங்களுக்குக் கடைசியாக ஒன்று. அவ உங்களை வெறுக்கவில்லை. ஆனால் தன்னை அந்தக் கோலத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பதை அவவால் தாங்க ஏலாமல் இருக்கிறது. மடத்துக்கு ஊர்க்காரர் வந்தால் பந்திக்கு வராமல் உள்ளே நின்றுவிடுகிறாவாம். மற்ற அம்மாக்கள் சொன்னார்கள். நீங்கள் வரும்போது அதை நினைத்துக்கொண்டு வாருங்கள்.

நிலாந்தி

*

நயினாதீவு
2024 சித்திரை 2

அன்பின் நிலாந்தி பிள்ளைக்கு,

பேனையால் எழுதிக் கனகாலம். எழுத்து விளங்காவிட்டால் குறை நினையாதையும்.

வந்து ஒன்பது நாளாகிறது. முதல்நாள் நேரே மடத்துப் பின்பக்கம் போனேன். மரக்கறி வெட்டுகிற இடத்தில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். இந்தத் தரம் நான் பிழை விடவில்லை, முதுகைக் கண்டவுடனே தெரிந்தது. "மணி" என்று கூப்பிட்டேன். அவள் எழும்பி, என்னைப் பார்க்காமல், ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். நான் வெயிலில் நின்றேன். அங்கிருந்த ஒரு அம்மா, "ஐயா, பொம்பிளையள் வேலை செய்யிற இடம், முன்னாலை போங்கோ" என்று சொன்னா. போனேன்.

கதைத்து அவளைப் பிடிக்க ஏலாது என்று அப்போதே விளங்கியது. எனக்கும் காது கேட்காது, அவளும் பேசமாட்டாள். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தேன். நித்தம் மத்தியானம் பந்தியில் போய் இருக்கிறேன். யாத்திரைக்கு வந்த சனத்தோடு சனமாய் நிலத்தில், கால் மடிக்க ஏலாமல் மடித்துக்கொண்டு. முதல் மூன்று நாளும் அவள் என் வரிசைக்கு வரவில்லை, வேறு ஒருவர் பரிமாறினார். நாலாம் நாள் வந்தாள். எனக்கு முன்னால் இருந்தவருக்குப் போட்டாள், என்னைத் தாண்டி அங்கால் இருந்தவருக்குப் போட்டாள். என் இலை வெறுமையாய்க் கிடந்தது. பக்கத்தில் இருந்த மனுசன் கூப்பிட்டுச் சொல்லப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். அன்றைக்குச் சாப்பிடாமல் எழும்பினேன். கோபம் வரவில்லை, பிள்ளை. அது எனக்கு உரியது என்று பட்டது.

அடுத்தநாள் சோறு போட்டாள். ஒரு அகப்பை. முகத்தைப் பார்க்கவில்லை.

முந்தாநாள் எங்கள் ஊர்க்காரர் ஒரு குடும்பம் பந்திக்கு வந்தது. நோர்வேயில் இருக்கிற ஆட்கள், குழுவிலும் இருக்கிறவர்கள். என்னைக் கண்டு, "அரியநாயகம் அண்ணை, நீங்கள் ஏன் இஞ்சை நிலத்திலை?" என்று கேட்டார்கள். அந்த நேரம் அவள் வாளியோடு வாசலில் நிற்கிறாள். அவர்களைக் கண்டுவிட்டாள். வழக்கம்போல உள்ளே போகத் திரும்பினாள்.

"தங்கச்சியைப் பாக்க வந்தனான்" என்று சொன்னேன். காது கேளாதவனுக்குத் தன் சத்தம் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். "அங்கை நிக்கிறாள். அவள் வைச்சுத் தந்தால்தான் எனக்குச் சாப்பாடு."

நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாளி என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சோறு விழுந்தது. சாம்பாறு விழுந்தது. அவள் அங்கால் போகவில்லை.

"என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துறியள்?" என்றாள். குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னபடியால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "சாப்பிடுங்கோ அண்ணை. ஆறப்போகுது."

இன்றைக்கும் பந்திக்குப் போய்வந்துதான் இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி வர இன்னும் எத்தனை நாள் நிலத்தில் இருக்க வேண்டுமோ தெரியாது. கனடாவுக்குத் திரும்பும் ரிக்கற்றைப் பிற்போடச் சொல்லி மகளுக்கு அறிவித்துவிட்டேன்.

அரியநாயகம்